வேனுக்குள் ஒரு பிளக் பாயின்ட்

என் கணவர் ஒன்றரை வருடம் எந்த ஊருக்கும் போகவில்லை. போகப் பிடிக்காமல் இல்லை. மூச்சிரைப்புக்காக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்துப் புகை பிடிக்க வேண்டும். அந்தப் புகையைத் தரும் நெபுலைசர் கரண்டில் ஓடும். கரண்ட் சுவரில் இருக்கும். ஆகவே அவரும் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தார். மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் மொத்தம் மூன்று பிளக் பாயின்ட். கட்டிலின் தலைமாட்டில் இருந்த ஒன்றுதான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம்.

அதற்கு முன்னால் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் ஓர் இடத்தில் பத்து வருடம் மேஸ்திரியாக இருந்தார். கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். வேலையை விட்டபின் வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டோம். கடைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வெள்ளை வேன் நிற்கும். ஒரு காலத்தில் ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கிய வண்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்துவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். எங்கேயும் போகாத வண்டிக்கு எதற்குப் பேட்டரி என்று நான் கேட்டதில்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன்.

அந்த வருடப் புரட்டாசியில் அவர் தங்கை சாமல்பட்டியிலிருந்து போன் செய்தாள். கடையில் ஆள் இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"அண்ணி, பாப்பாவுக்கு ஐப்பசியில காது குத்தறதுன்னு வெச்சிட்டாங்க. ஒரு வயசுலயே குத்தியிருக்கணும். அண்ணனுக்கு ஒடம்பு செரியாவட்டும்னு நாந்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். இப்ப மூணு முடியப்போவுது. இந்தத் தடவையும் அண்ணன் வர முடியலன்னா எங்க பெரியப்பா மவன் மடியில ஒக்காரவெச்சு குத்திடலாம்ங்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்த சொல்றது அண்ணி. அண்ணனும் வரணும்ல."

காது குத்துகிறவர் ஊசியை எடுக்கும்போது குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டிய மடி தாய்மாமனுடையது. பெரியப்பா மகனும் முறைக்கு மாமன்தான். சாஸ்திரத்துக்குக் குறை வராது. ஆனால் கூடப் பிறந்தவன் தொண்ணூறு கிலோமீட்டரில் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் மடி என்றால், ஊர் அதை எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, எனக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு கடன் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இந்தப் பக்கத்து ஆளைக் கட்டிக்கொண்டவள் நான். என் வீட்டார் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வரவில்லை. மூன்று முடிச்சில் ஒன்றை அவர் போட்டார், மிச்ச இரண்டையும் நாத்தனாராக நின்று போட்டவள் அவள்தான். அன்று என் காதில், "நான் இருக்கேன் அண்ணி" என்றாள். அதை நான் மறக்கவில்லை.

விஷயத்தை அவரிடம் சொன்னேன். 

"பெரியப்பா மவன் நல்ல பையன்தான்," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை சுலபத்தில் வராது, கோபம்தான் வரும். அன்று இரண்டும் சேர்ந்து வந்தது. மறுநாள் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே போனேன். டிரைவர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ? பெங்களூர்க்காரங்க டூர் வண்டியில லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் மாட்டிக்கறாங்க. சின்னப் பொட்டிதான். அதுல உங்க மெஷின் ஓடாதா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் நான் வேலை பார்த்ததே வண்டிகளுக்கான ஒயர்க் கொத்து செய்கிற கம்பெனியில். ஒன்பது வருடமாக ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிக்கு ஒயர் முடைந்து அனுப்புகிறவளுக்கு, தன் வீட்டு வண்டியில் ஒயர் இழுக்கலாம் என்று தோன்றவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அந்தச் சனிக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் போனில் கன்னடம், உள்ளே மனைவியிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பேசினார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு முனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகு, அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு ஃபேன். மறுமுனையில் நம் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே ஒரு பிளக் பாயின்ட். வண்டி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை அது வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும்.

"சார், சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுங்க. அவ்ளோதான்," என்றார் என் கணவரைப் பார்த்து.

"அதுல சொருகுனா மோட்டார் எடுக்கிறப்ப ஃப்யூஸ் போயிரும். பேட்டரியிலருந்து நேரா ஒயர் இழுக்கணும். என்ன கனத்துல ஒயர் வச்சிருக்கீங்க?" என்றேன் நான்.

கடைக்காரர் பதிலை மறுபடியும் என் கணவரிடமே சொல்ல ஆரம்பித்தார்.

"என்னைய ஏங்க பாக்கறீங்க? ஒயரு வேல அவங்களுது. நான் கல்லு அறுத்தவன்," என்றார் இவர். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். ஒயர் முனையை நசுக்கும் கம்பெனி கிரிம்பிங் டூலை வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மத்திகிரி கூட்ரோட்டில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை செய்கிறவரிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். சுண்டு விரல் தடிமனில் ஒயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. நுனியில் செம்பு வளையம் வைத்து நசுக்கினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃப்யூஸ் வைத்தேன். ஒயர் எங்காவது உரசி நெருப்புப் பிடிப்பதாக இருந்தால் முதலில் சாக வேண்டியது ஃப்யூஸ், வண்டி இல்லை. தகர ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன். பெட்டியைப் பின்சீட்டுக்கு அடியில் திருகி நிறுத்தினேன். அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காத யோசனைகளை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முனையையும் முடித்ததும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எங்கள் லைனில் அது சட்டம். நசுக்கு, இழு, கையோடு வராவிட்டால் அடுத்தது. இந்தப் பழக்கம் எனக்கு எதிலும் விடாது. பூட்டிய பூட்டை இழுப்பேன், கட்டிய கொடிக்கயிற்றை இழுப்பேன். கல்யாணத்தன்று தாலி முடிச்சைக்கூட நான் இழுத்துப் பார்த்ததாக அவர் எல்லோரிடமும் சொல்வார். பொய். லேசாகத்தான் தொட்டுப் பார்த்தேன்.

அந்த வருடம் தினம் கரண்ட் கட். அன்று மதியமும் போனது. இன்ஜினை ஓடவிட்டு, பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு. நெபுலைசரைச் சொருகினேன். வீட்டில் உறுமுவதைவிடக் கொஞ்சம் கட்டைக் குரலில், ஆனால் குறையில்லாமல் ஓடியது. மாஸ்க்கில் புகை வந்தது. தெருவே விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் வேனுக்குள் ராஜா மாதிரி பத்து நிமிடம் புகை பிடித்துவிட்டு இறங்கினார். மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டு, "மாமன் வரான்னு சொல்லு," என்றார். அடுத்த ஒரு வாரம் கரண்ட் போகும்போதெல்லாம் வேன்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அந்த நாளை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் கம்பெனியில் கிரிம்பிங் மெஷின் ஒவ்வொன்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, பொரி படைத்து, கடைசியில் சுவிட்சைப் போட்டு ஒரு முறை ஓட்டிக் காட்டுவோம். ஓடினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. கம்பெனி மெஷினுக்கே அவ்வளவு என்றால், என் புருஷனுக்கு மூச்சு வாங்கித் தரும் பெட்டிக்கு எவ்வளவு செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் வேனைக் கழுவி, பெட்டிக்கு நாலு பக்கமும் சந்தனம் அப்பி, இருப்பதிலேயே அடர்த்தியான சரத்தை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். கற்பூரம் காட்டிவிட்டு, வழக்கப்படி சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வாடிய சரத்தை உருவியபோது அது பாதியில் அறுந்து வந்தது. காய்ந்த பூதானே என்று குப்பையில் போட்டுவிட்டேன்.

அதன்பின் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் கட்டும் குறைந்தது. வேனில் புகை பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். எல்லா முனையையும் இழுத்தும் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.

காது குத்து அன்று விடிந்ததும் வீட்டிலேயே ஒரு முறை புகை பிடித்துவிட்டுக் கிளம்பினோம். ஹைவேயில் லாரிப் புகை என்று ராயக்கோட்டை வழியாகப் போனோம். பின்சீட்டில் தாய்மாமன் சீர் ஏழு தட்டு. பட்டுப் பாவாடை, கொலுசு, தோடு, பழம், பூ, இனிப்பு, தேங்காய். ஒன்றரை வருடம் கழித்து ஊர் தாண்டிய மனிதர் ஒவ்வொரு மைல்கல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நானும் கூடவே படித்தேன்.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்கு எதிரே போக்குவரத்து நின்றது. முன்னாலும் பின்னாலும் லோடு வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. பனியும் டீசல் புகையும் சேர்ந்து கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தச் சொல்லி மருந்தை ஊற்றி மாஸ்க்கை மாட்டினேன்.

நாலு நிமிடம் ஓடியிருக்கும். பெட்டி கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு. நெபுலைசர் நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டேன், ஓடியது. ஒரு நிமிடத்தில் மறுபடியும் கீச். மூன்றாவது முறை பச்சையே வரவில்லை. ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒயரை இழுத்தேன், திருகை முறுக்கினேன், பேட்டரி முனையைத் தட்டினேன். எதிலும் குறையில்லை. கடைக்காரரைத் திட்டினேன். பெங்களூரைத் திட்டினேன். "மாட்டித் தொலைச்சானுங்களே மட்டமான சாமானை," என்று கத்தினேன். மாட்டியது நான் என்பது நினைவுக்கு வர, இன்னும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. வீடு முப்பது கிலோமீட்டர் பின்னால், சாமல்பட்டி அறுபது முன்னால்.

"திரும்பிருவோம். உங்க பெரியப்பா மகனே மடியில வச்சுக்கட்டும். உங்க உசுருதான் எனக்கு முக்கியம்," என்றேன்.

 அவருக்குப் பேச மூச்சு இல்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து குனிந்து, சீர்த் தட்டுகளின் இடுக்கில் கையை விட்டு, பெட்டியின் வாயருகே உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"காத்து... வரல," என்றார். "அதுக்கும்... மூச்சு முட்டுது."

எனக்குச் சுரீரென்றது. ஒன்பது வருடம் ஒயரை இழுத்துப் பார்த்தவளுக்கு ஒயரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மூச்சு வராமல் கிடந்து பழகியவருக்குத்தான் மூச்சு நின்றது தெரிந்தது.

பெட்டியை வெளியே எடுக்கத் தட்டுகளை இறக்க வேண்டும். சீர்த் தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. நான் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். அடுத்தவர் அடுத்ததை வாங்கினார். பின்னால் நின்ற லோடு வண்டியின் கன்னட டிரைவர் இறங்கி வந்து, "ஏனு விசேஷா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டார். ராயக்கோட்டை ரோட்டோரத்தில் ஏழு பேர் சீர்த் தட்டோடு வரிசையாக நின்றார்கள்.

நாலு திருகைக் கழற்றிப் பெட்டியைத் திருப்பினேன். ஃபேன் இறக்கையைச் சுற்றிச் சாமந்திச் சரத்து நூல் இறுகிக் கிடந்தது. நடுவில் நசுங்கிய இதழ்கள். பக்கத்துக் காற்றுத் துளைகளை என் சந்தனம் கல்லாக அடைத்திருந்தது. பூஜையன்று சுவிட்சைப் போட்ட அந்த நிமிடமே ஃபேன் சரத்தை உள்ளே இழுத்திருக்கிறது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நூலை நெம்பி நெம்பி எடுத்தேன்.  சந்தனத்தைச் சுரண்டினேன். ஊதினேன். ஃபேன் விரல் பட்டுச் சுற்றியது.

சுவிட்சைப் போட்டேன். பச்சை. அவர் மாஸ்க்குக்குள் புகை வந்தது. மிச்ச மருந்து தீரும்வரை ஏழு பேரும் தட்டை இறக்கவில்லை. விசில் சத்தம் மெல்ல அடங்கியது. அவர் மாஸ்க்கைக் கழற்றிக் கும்பிட்டபோது, முதல் தட்டை வாங்கிய ஆள் சொன்னார், "சீரு தூக்கியாச்சு. இனிமே நாங்களும் அந்தப் புள்ளைக்கு மாமனுங்கதான். சீக்கிரம் போங்க, நேரமாவுது."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கை ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.  பிறகு என் கையைப் பிடித்தவள் பந்தல் வரை விடவில்லை. கோயில் மரத்தடியில் பலகை போட்டு அவரை உட்கார வைத்தார்கள். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து, சட்டைப் பாக்கெட்டில் இருந்த வெல்லக் கட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். முதல் காதில் ஊசி போனதும் ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டாள். இரண்டாவது காதுக்குத் திமிறியவளை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தூசி தங்கிய அதே நெஞ்சுதான். அப்போது நான் அழுதேன். கோபம் எதுவும் கலக்காமல் அழுதேன்.

மதியம் அவருக்கு மருந்து நேரம். ஊரில் கரண்ட் இல்லை. வேனில் ஏறியவரைப் பாப்பா விடவில்லை, மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். புகையைப் பார்த்ததும் விசும்பல் நின்றது. "மாமா வாயில சோறு வேவுது," என்றாள். இதற்குள் வேனுக்குள் கரண்ட் இருக்கிறது என்று செய்தி பரவி, செல்போன் சார்ஜரோடு நாலு பேர் வந்து நின்றார்கள். மருந்து முடியட்டும் என்று அவர்களை நான்தான் அதட்டி உட்கார வைத்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது ராயக்கோட்டை தாண்டி ஓரமாக நிறுத்தினார். மருந்து நேரம் ஆகியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் பெட்டியின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "வருது," என்றார். இன்றைக்கும் அந்தப் பழக்கம் அவருக்கு உண்டு. ஆயுத பூஜைக்கு நான் அந்தப் பெட்டியின் சுவிட்சில் மட்டும் ஒரே ஒரு குங்குமப் பொட்டு வைக்கிறேன். பூ வைக்காமல் நான் கும்பிடும் ஒரே சாமி அதுதான்.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்கு வந்தவர் வண்டியை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"உங்கூருக்கு எத்தன மணி நேரமாவும்?"

கல்யாணத்துக்குப் பிறகு அங்கே நான் போனது மூன்றே முறை. கடைசி ஒன்றரை வருடத்தில் ஒரு முறையும் இல்லை. அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது என்று வீட்டில் போனில் சொல்வேன். அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. அந்தச் சுவர்ப் பக்கத்திலேயே நானும் இருந்திருக்கிறேன் என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

"இந்த வண்டியில பத்து மணி நேரம் ஆகும்," என்றேன்.

விரலை மடக்கி எண்ணினார்.

"மூணு தடவ மருந்து. அவ்ளோதான?"

 "முதல்ல நேராப் பாத்து வீட்டுக்கு ஓட்டுங்க," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். தைப் பொங்கலுக்குப் போனோம்.